ஐஸ்பெட்டி மேல் ஹெலிகாப்டர்

நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
இம்பி சாலைக் கடைக்காரன் லியோங்
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்,
நோயாளிக்கு எக்ஸ்ரே காட்டுகிறவன்போல.
மலாயும் கையசைவுமாகச் சொன்னான்:
உன் பழைய பெட்டி ஒலியைக் கசக்கிப் பிழிந்து தருது, பாஸ்.
இது ஒரு துளி சிந்தாது.
முன்பணம் கட்டு, திங்கள்வரை வைத்துப் பார்.

சிந்தாது.
அந்தச் சொல்லை மடியில் வைத்துக்கொண்டு
செந்தூல் வரை ரயிலில் வந்தேன்.
பெட்டி காலடியில்.
யாரோ ஒருவரின் குடை என் செருப்பில் சொட்டிக்கொண்டே வந்தது.

பதினான்காவது மாடி.
ஹால் என்று நாங்கள் சொல்வது பன்னிரண்டுக்குப் பத்து,
அதிலும் மூன்றடி, துணி காயும் கம்பிக்கு.
இடது பின்பக்க ஸ்பீக்கருக்கு வேறு போக்கிடமில்லை,
ஐஸ்பெட்டி மேல் குந்தியிருக்கிறது.
எந்த நாட்டுப் போர் என்றாலும்
ஹெலிகாப்டர் எங்கள் வீட்டில்
முட்டைக்கும் தயிருக்கும் மேலேதான் வட்டமிடும்.

குமுதவல்லிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.
"சாம்பிள்ல பேர் தெரிஞ்சா
கண்ணு பொய் சொல்லும்" என்றாள்.
"காதும் அப்படித்தான். திரும்பி உட்காருங்க."

ஒரே தட்டு. அதில் இரண்டு ஒலித்தடம்:
சுருக்கியது ஒன்று, சுருக்காதது ஒன்று.
ஒரே காட்சி, பத்து முறை.
ஒருவன் மழையில் நடந்து வருகிறான், கதவைச் சாத்துகிறான்.
நான் சுவரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல
மின்சார பில்லின் முதுகில் அவள் குறித்தாள்.

ஏழாவது முறை கத்தியேவிட்டேன்:
இதோ! இதுதான்!
மழைக்கும் கதவுக்கும் நடுவில் காற்று நிற்கிறது பார்!
எட்டாவதில் அந்தக் காற்று இன்னும் தெளிவு.

பத்துக்கு ஆறு.
"காசைச் சுண்டினாலே அஞ்சு வரும்" என்றாள்.
பில்லை நீட்டினாள்.
ஏழிலும் எட்டிலும் அவள் எதையும் மாற்றவில்லை.
இரண்டுமே பிழிந்த ஒலி.
காற்று என்னுடையது.

சிந்தாமல் வந்ததையெல்லாம் அப்புறம் எண்ணிப் பார்த்தேன்.
மின்விசிறி கொஞ்சம் குடிக்கிறது.
ஆறு நிமிடத்துக்கொரு ரயில், ஒரு வசனத்தை அப்படியே விழுங்குகிறது.
கீழ்வீட்டு என்சிக் ரோஸ்லான் இரவு பஸ் ஓட்டிப் பகலில் தூங்குபவர்,
அவர் துடைப்பக்கட்டைக்குப் பயந்து
இடிமுழக்கத்தை இருமலாக்கி வைத்திருக்கிறோம்.
நாற்பத்தாறு வயதுக் காது எவ்வளவு எடுத்துக்கொள்கிறதோ,
அது கணக்குக் காட்டுவதில்லை.

சோபாவுக்கு அடியில் பேனா உருண்டுவிட்டது.
இரண்டடி முன்னால் இழுத்துவிட்டு
குமுதா அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.
சும்மா உட்கார்ந்தேன்.
மழை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது.
சுவரை விட்டு விலகியதுதான், வேறொன்றுமில்லை.
அந்த இரண்டடிக்கு லியோங் விலை சொல்லியிருக்க மாட்டான்.

ஆக, வேண்டாம்.
கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்:
முதலில் சோபாவை நகர்த்து, அப்புறம் பணத்தை.

திங்கள் போய்விட்டது.
லியோங் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருக்கிறான்.
பெட்டி இன்னும் ஹாலில்,
நீல விளக்கு எரிய.

விடிகாலை மூன்று மணிக்கு ரயில் இல்லை.
ரோஸ்லான் வேலையில்.
மின்விசிறியை அணைத்துவிட்டு
ஒலியைப் பத்தில் வைத்துக்கொண்டேன்.
அவன் மழையில் வந்தான்.
கதவைச் சாத்துமுன்
ஒரு மூச்சு இழுத்தான்.
பத்து முறையில் ஒருமுறைகூட
நான் கேட்காத மூச்சு.

எந்தத் தடம் ஓடுகிறது என்று பார்க்க
ரிமோட்டை எடுத்தேன்.
மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.